மேல் தண்ணியைப் பார்த்து ஏமாறாதே!



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். நான் அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆழம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஆழத்தில் யார் குடியிருக்கிறார்கள், என்ன தின்கிறார்கள், எதை வெளியே விடுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்!

லேபில் தண்ணீர்ப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து, கைக்கு எட்டின தூரத்தில் பாட்டிலை முக்கி எடுக்கிறோம். பி.எச். பார்க்கிறோம், குளோரைடு பார்க்கிறோம், கடினத்தன்மை பார்க்கிறோம். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. "இந்த ஏரித் தண்ணீர் இப்படி" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். ஆனால் நாம் பார்த்தது மேல் ஒரு சாண் தண்ணீர். மிச்சத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உலகத்தில் சில ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் அடித்தண்ணீரும் மேல்தண்ணீரும் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒன்றோடொன்று கலந்ததே இல்லை. ஒரே ஏரிக்குள் இரண்டு உலகம்! அந்த ஏரிகளின் பாடம் நமக்கு வேண்டும், அதிலும் சிவில் மாணவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

தண்ணீர் ஏன் அடுக்காகிறது?

வெந்நீர் லேசு, குளிர்ந்த நீர் கனம். இது எட்டாம் வகுப்புப் பாடம். வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி மிதக்கிறது, அடித்தண்ணீர் குளிர்ந்தபடியே கிடக்கிறது. நம்ம ஊர் வெப்பத்தில் இது இன்னும் பலமாக வேலை செய்யும். தண்ணீர் 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குப் போகும்போது அடர்த்தி குறைவது ரொம்பக் கொஞ்சம். 29-லிருந்து 30-க்குப் போகும்போதோ அதைப் போல 30 மடங்குக்கும் மேல் குறைகிறது. அதனால் நம்ம பக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசமே ஒரு ஆழமான நீர்த்தேக்கத்தை அடுக்காக்கப் போதும்.

ஆனால் இந்த அடுக்கு நிரந்தரம் இல்லை. மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் மேல்தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும், காற்றும் சேர்ந்து கலக்கிவிடும். நம்ம ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஏரி குட்டைகளும் சரி, செய்யாறும் கமண்டல நாகநதியும் மலையை விட்டு இறங்கி நிரப்பும் சமவெளி ஏரிகளும் சரி, பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. நல்ல காற்று ஒன்று அடித்தாலே அடிவரைக்கும் கலங்கிவிடும். ஆகவே நிரந்தர அடுக்கு ஏரியைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு வெளியேதான் போக வேண்டும்.

நிரந்தர அடுக்கு எப்படி வருகிறது? உப்பால் வருகிறது. அடித்தண்ணீரில் தாது உப்புகள் நிறையக் கரைந்திருந்தால், அது எந்தக் குளிரிலும் மேல்தண்ணீரை விடக் கனமாகவே இருக்கும். டம்ளரில் உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் ஸ்பூன் வழியாக மெதுவாக நல்ல தண்ணீரை விட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக நிற்கும். இப்படி அரைகுறையாகக் கலக்கிற ஏரிகளுக்கு 'மெரோமிக்டிக்' என்று 1935-ல் ஆஸ்திரிய ஆய்வாளர் இங்கோ ஃபிண்டனெக் பெயர் வைத்தார். நாம் சுலபமாக 'கலக்காத ஏரி' என்றே சொல்லிக்கொள்வோம்.

பந்தியில் கடைசி வரிசை

மேலே காற்று படுகிறது, பாசி வளர்கிறது, பிராணவாயு இருக்கிறது, மீன் இருக்கிறது. அந்தப் பாசியும் மீனும் செத்து அடியில் விழுகின்றன. விழுந்ததைத் தின்ன பாக்டீரியா காத்திருக்கிறது. தின்று செரிக்க அதற்கும் நம்மைப் போல ஆக்சிஜன் தேவை. ஆனால் மேலேயிருந்து புது ஆக்சிஜன் இறங்கி வர வழி இல்லையே! இருந்தது தீர்ந்த பிறகு என்ன செய்யும்?

கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் பந்திக்கு வடை பாயசம் எல்லாம் உண்டு, கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும்தான். ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும் பாக்டீரியா வேலைக்கு வருகிறது. நைட்ரேட் தீர்ந்ததும் மாங்கனீஸ், இரும்பு. அதுவும் முடிந்தால் சல்ஃபேட். சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியே விடும் பாக்டீரியாவை 1895-ல் ஹாலந்து நாட்டு பெய்யரிங்க் கண்டுபிடித்தார். அழுகின முட்டை நாற்றம் என்கிறோமே, அந்த வாயுதான். எல்லாம் தீர்ந்த பிறகு கடைசி வரிசையில் உட்காருவது மீத்தேன் உண்டாக்கும் கூட்டம். பார்க்க பாக்டீரியா போலவே இருந்தாலும் இவை ஆர்க்கியா என்ற தனி வம்சம் என்று 1977-ல் கார்ல் வோஸ் காட்டினார்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரி. கடல் மட்டத்துக்கு 1,921 மீட்டர் உயரத்தில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. ஆழம் வெறும் 21 மீட்டர்தான். அதன் அடியில் ஜிப்சம், டோலமைட் பாறை வழியாக ஊறி வரும் ஊற்று சல்ஃபேட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மேலே கருங்கல் பாறையிலிருந்து வரும் லேசான நல்ல தண்ணீர். இரண்டுக்கும் நடுவே, பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கிறது!

அந்த நிறம் ஊதா கந்தக பாக்டீரியாவின் நிறம். இவற்றுக்கு வெளிச்சமும் வேண்டும், கீழேயிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேண்டும். ரொம்ப மேலே போனால் சல்ஃபைடு இல்லை, ரொம்பக் கீழே போனால் வெளிச்சம் இல்லை. அதனால் இரண்டும் கிடைக்கும் அந்த ஒரு நூலிழையில் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மேலே உள்ள பாசி தனக்கு வேண்டிய நிறங்களை உறிஞ்சிக்கொண்டு விட்ட மிச்ச வெளிச்சத்தைப் பிடிக்க இவற்றிடம் தனி நிறமிகள் உண்டு. நம்ம மலைமேல் காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் படிக்கிறார்களே, அதுபோல இந்தப் பாக்டீரியாவும் தண்ணீருக்குள் வெளிச்சத்தைப் பிரித்துத்தான் பிழைக்கிறது.

இன்னொரு அதிசயம். குரோமாஷியம் ஒகினியை என்ற பாக்டீரியா வெளிச்சத்தைத் தேடி மேலே நீந்துகிறது. தண்ணீரை விடக் கனமான உடம்பு என்பதால், கூட்டம் சேர்ந்ததும் அந்தப் பகுதித் தண்ணீரே கனமாகிக் கீழே இறங்குகிறது. இப்படி மேலும் கீழும் போய் அந்த அடுக்கையே அவை கலக்குகின்றன என்று 2017-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஏரியின் ஒரு பட்டையையே துடுப்புப் போட்டுக் கலக்குகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒருத்தர் கழிவு இன்னொருத்தருக்குச் சாப்பாடு. கீழே சல்ஃபேட்டைச் சல்ஃபைடு ஆக்குகிறவர், நடுவே சல்ஃபைடைத் திரும்பச் சல்ஃபேட் ஆக்குகிறவர். நடு அடுக்கு இருக்கும்வரை விஷ வாயு மேலே வருவதில்லை, மேலே மீன் நிம்மதியாக நீந்துகிறது. ஆக, மேல்தண்ணீர் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் கீழே இருக்கிறவர்கள் செய்யும் வேலை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி பேசுவோம்.

சேமிப்பும் உண்டு, ஆபத்தும் உண்டு

ஏரி மட்டுமல்ல, ஒரு கடலே இப்படி இருக்கிறது. கருங்கடலின் அதிக ஆழம் 2,200 மீட்டர். ஆனால் மேலே 150, 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது, சல்ஃபைடுதான். மரத்தை அரிக்கும் கடல் புழுவுக்கு அங்கே பிழைப்பில்லை. அதனால் சுமார் 2,400 வருஷம் பழமையான கிரேக்க மரக்கப்பல் ஒன்று பாய்மரத்தோடு முழுசாகக் கிடப்பதை 2018-ல் அறிவித்தார்கள். அடி அடுக்கு காலத்தையே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது!

ஆப்பிரிக்காவில் ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவே கிவு ஏரி. 485 மீட்டர் வரை ஆழம். அதன் அடித்தண்ணீரில் சுமார் 60 கன கிலோமீட்டர் மீத்தேனும், 300 கன கிலோமீட்டர் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. மீத்தேனில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் தயாரித்தது. ருவாண்டாவில் அந்தத் தண்ணீரைக் குழாயில் மேலே கொண்டுவந்து, வாயுவைப் பிரித்து, 26 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2016-ல் திறக்கப்பட்டது. பாக்டீரியா வம்சம் உழைத்துச் சேர்த்து வைத்த சொத்தில் ஊருக்கு விளக்கு எரிகிறது.

ஆனால் அதே சேமிப்பு எமனாகவும் மாறலாம். கேமரூன் நாட்டில் நியோஸ் ஏரி. அங்கே அடியில் சேர்ந்தது எரிமலையிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடுக்கு குலைந்து வாயு பொங்கி வெளியே வந்தது. காற்றை விடக் கனமான வாயு பள்ளத்தாக்கில் வழிந்து ஓடி, சுமார் 1,700 பேரைத் தூக்கத்திலேயே கொன்றது. ஊருக்கு ஊர் ஆடு மாடும் பிணம். அதற்கு முந்தின நாள் அந்த ஏரியின் மேல்தண்ணீரை நாம் பாட்டிலில் எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? "நல்ல தண்ணீர்" என்றுதான்!

"இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?"

கேட்பீர்கள், தெரியும். "சுவிட்சர்லாந்து ஏரியும் ஆப்பிரிக்கா ஏரியும் போர்டு எக்ஸாமுக்கு வருமா? நாம வேலைக்குப் போய்ப் பார்க்கப் போறது கம்பியும் சிமெண்டும்தானே?" நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

நாம் கட்டப்போகும் செப்டிக் டேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நுரை ஏடு, நடுவே தண்ணீர், அடியில் வண்டல். மூடி போட்டு வெளிச்சமும் காற்றும் வராமல் அடைத்துவிடுகிறோம். சல்ஃபேட் இருக்கிறது, தின்னச் சாப்பாடு ஏராளமாக இருக்கிறது. கடாக்னோவின் அடி அடுக்கில் நடக்கும் அதே வேலை இங்கேயும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், இங்கே சல்ஃபைடை மடக்கிச் சாப்பிட நடுவே அந்த ரோஜா அடுக்கு இல்லை. வெளிச்சம் இருந்தால்தானே அது வாழும்! ஆக ஏரி தனக்குத்தானே போட்டுக்கொண்ட காவலை எடுத்துவிட்டு, விஷம் தயாரிக்கும் பாதியை மட்டும் நாம் கட்டிக் கொடுக்கிறோம்.

பாதாளச் சாக்கடை மேன்ஹோல் இதே கதை. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலில் ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும் போடுகிறார்கள். அந்தக் கழிவு தேங்கும் தொட்டியில் சல்ஃபைடு முதலிலேயே இருக்கிறது, பாக்டீரியாவும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

கம்பியும் சிமெண்டும்தான் என் வேலை என்கிற நண்பருக்கும் ஒன்று. சாக்கடைக் குழாயின் அடியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே எழும்பி, குழாயின் உச்சிப் பக்க ஈரத்தில் ஒட்டுகிறது. அங்கே இன்னொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலம் ஆக்குகிறது. அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது. மெல்போர்னில் இருந்த பார்க்கர் என்பவர் 1945-ல் இதைக் கண்டுபிடித்தார். குழாய் அடியில் தேயாமல் உச்சியில் ஏன் உதிர்கிறது என்று வைவாவில் கேட்டால் இப்போது உங்களுக்குப் பதில் தெரியும்!

கான்கிரீட் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். உயிர் போனால்?

ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் மூக்கு உடனே சொல்லிவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கு ஆனதும் மோப்ப நரம்பு மரத்துப் போகிறது, நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று ஆள் நினைக்கிற இடம்தான் சாவின் வாசல். 500-ஐத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழலாம். அதுவும் காற்றை விடக் கனம், அடியில்தான் தங்கும். வண்டலில் அடைந்து கிடக்கும் வாயு, மண்வெட்டி பட்டுக் கலங்கியதும் குபீரென்று வெளியே வரும். நியோஸ் ஏரி அடுக்கு குலைந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். முதல் ஆள் விழுவார், காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குவார், அவரும் விழுவார். பேப்பரில் இந்தச் செய்தியை எத்தனை தடவை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 1993-க்குப் பிறகு இப்படி இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் ஆள் இறங்குவது நிற்கவில்லையே, ஏன்?

இறங்கச் சொல்கிறவர் சட்டம் எழுதினவரும் இல்லை, நீதிபதியும் இல்லை. சைட்டில் நிற்கிற சூப்பர்வைசர். நகராட்சியின் கீழ்மட்டப் பொறியாளர். காண்ட்ராக்டரின் மேஸ்திரி. நண்பர்களே, அந்த நாற்காலியில் நாளைக்கு உட்காரப் போவது நாம்தான்! டிப்ளமோ முடித்த கையோடு நமக்குக் கிடைக்கும் முதல் அதிகாரமே "இறங்கு" என்றோ "இறங்காதே" என்றோ சொல்லும் அதிகாரம்தான். அதைச் சரியாகச் சொல்ல, அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மூன்று யோசனை வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் ஜன்னலிலும் ஒரு கலக்காத ஏரி வைப்போம். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1880-களில் காட்டிய வழி. உயரமான கண்ணாடி ஜாடி ஒன்று. ஏரிச் சேற்றோடு கிழித்த பேப்பர் துண்டும், கொஞ்சம் ஜிப்சம் பொடியும், ஒரு முட்டை மஞ்சள் கருவும் கலந்து அடியில் போட வேண்டும். மேலே வெறும் சேறு, அதற்கு மேலே ஏரித் தண்ணீர். இறுக்கி மூடாமல், நேர் வெயில் படாத, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அடியில் கறுப்பும், நடுவே பச்சையும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக வரும். கடாக்னோவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், செலவு ஒரு டீக் காசுதான்!

இரண்டு: மேல்தண்ணீரோடு நிறுத்தாமல் ஆழம் ஆழமாக மாதிரி எடுப்போம். கனம் கட்டின பாட்டில், மூடிக்குத் தனிக் கயிறு. இறக்க வேண்டிய ஆழம் வந்ததும் மூடிக் கயிற்றை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே வரும். கரையிலிருந்தோ படகிலிருந்தோ எடுக்கலாம், யாரும் இறங்க வேண்டியதில்லை. அடியில் ஆக்சிஜன் எவ்வளவு, சல்ஃபைடு உண்டா என்று பார்த்து எழுதினால்தான் அது ரிப்போர்ட்.

மூன்று: ஆளை இறக்க மாட்டோம் என்று ஒரு உறுதி. வாயு அளக்கும் கருவி இருக்கிறது, உறிஞ்சும் லாரி இருக்கிறது. கேரளத்து ஜென்ரோபோடிக்ஸ் இளைஞர்கள் மேன்ஹோலுக்குள் இறங்கி வேலை செய்யும் 'பேண்டிகூட்' ரோபோவை 2018-ல் களத்தில் இறக்கினார்கள். அவர்களும் நம்மைப் போல் பொறியியல் படித்த பசங்கதான். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, உங்கள் கடைசி வருஷப் புராஜெக்டுக்கு இதை விட நல்ல தலைப்பு வேண்டுமா?

கடைசியாக ஒன்று. ஏரியின் அடுக்கு இயற்கை போட்டது, உப்பும் வெப்பமும் போட்டது. நம்ம ஊரிலும் ஒரு நிரந்தர அடுக்கு இருக்கிறது, அது மனுஷன் போட்டது. தொட்டிக்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்று உங்களுக்கே தெரியும். கீழே இருக்கிறவர் வேலை செய்வதால்தான் மேல்தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேனே, அது ஏரிக்கு மட்டுமா பொருந்துகிறது? ஏரியின் அடுக்கைக் கலக்கினால் ஆபத்து. நம்ம ஊர் அடுக்கைக் கலக்காமல் விட்டால்தான் ஆபத்து!

மேல் தண்ணியைப் பார்த்து ஏமாறாதீர்கள் தோழர்களே. அடி வரைக்கும் அளந்து பாருங்கள். ஆனால் அளக்கக் கயிறு போகட்டும், கருவி போகட்டும்... ஆள் போக வேண்டாம்.

– மூன்றாமாண்டு சிவில் மாணவன்